தொழிலைச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த கடை

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஹாமில்டன் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைத்தொடரை நிறுவிய ஜேம்ஸ் கேஷ் பென்னி 1875இல் பிறந்தது இங்கேதான். தன் 500ஆவது கடையை 1924இல் அவர் திறந்ததும் இதே ஊரில்தான். பிற்பாடு ஊர் படுத்துவிட்டது. கடைத்தெருவில் பூட்டிய கதவுகள் பெருகின. இன்றோ அந்தத் தெருவுக்கு வெளிமாநிலங்களிலிருந்து பஸ் பிடித்துப் பெண்கள் வருகிறார்கள். இந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு தையல் நிலையமும், அது யூடியூபில் இலவசமாகப் போட்ட வீடியோக்களும்.

அந்த நிலையத்தைத் தொடங்கிய ஜென்னி டோன் குடும்பம் 1990களில் கலிபோர்னியாவிலிருந்து ஹாமில்டனுக்குக் குடிவந்தது. கணவர் ரான், கான்சாஸ் சிட்டியில் ஒரு நாளிதழ் அச்சகத்தில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருந்தார். 2008 பொருளாதாரச் சரிவு, ஓய்வுக்காலத்துக்கென்று அவர்கள் வைத்திருந்த சேமிப்பைக் கரைத்துவிட்டது. அம்மாவுக்குக் கைத்தொழிலாக ஏதாவது வழிசெய்ய வேண்டும் என்று மகன் ஆலனும் மகள் சாராவும் கடன் வாங்கி ஒரு பெரிய குவில்ட் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள்.

குவில்ட் என்பது, நம் பாட்டிமார் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்புக்குத் தூரத்து உறவு. வண்ணத்துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு மேல்பாகம் தைப்பார்கள். அதற்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு விரித்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டுவார்கள். மேல்பாகத்தை யாரும் வீட்டில் தைத்துவிடலாம். மூன்றடுக்கையும் சேர்க்கும் கடைசி வேலைக்குத்தான் பலரும் பெரிய இயந்திரம் வைத்திருப்பவரைத் தேடிப் போவார்கள். ஜென்னி கூலிக்குச் செய்து கொடுக்க உட்கார்ந்தது இந்தக் கடைசி வேலைக்குத்தான். இயந்திரம் தயார், கையும் தயார். ஆனால் இவ்வளவு சிறிய ஊரில் எத்தனை பேர் குவில்ட் தைத்துக்கொண்டு வருவார்கள்?

கணினி விவரம் தெரிந்த ஆலன் ஒரு யோசனை சொன்னார்: தைப்பதை வீடியோவில் சொல்லிக்கொடுக்கலாமே. அப்படியென்றால் என்னவென்றே அப்போது தனக்குத் தெரியாது என்று ஜென்னி பிற்பாடு சிரித்துக்கொண்டே பலமுறை சொல்லியிருக்கிறார். தெரியாவிட்டாலும் ஒத்துக்கொண்டார். 2009இல் வீடியோக்கள் வரத் தொடங்கின. யூடியூபுக்கு அப்போது வயது நான்குதான்.

அந்த வீடியோக்களில் ஜென்னி ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசுகிறார். பத்தங்குலச் சதுரமாக ஏற்கெனவே வெட்டிய துணிகளை எடுத்து, எங்கே தைப்பது, எங்கே வெட்டுவது, எப்படித் திருப்பிச் சேர்ப்பது என்று காட்டுகிறார். முதல்முறை ஊசி பிடிப்பவர்கூட அன்று மாலைக்குள் எதையாவது தைத்து முடித்துவிடலாம். நேர்த்தி குறைந்தாலும் பரவாயில்லை, முடித்துவிடுங்கள் என்பதுதான் அவர் வழக்கமாகச் சொல்லும் தைரியம். பார்ப்பவருக்குக் கிடைப்பது பாடம். விளம்பரத்தின் வாடை அதில் குறைவு.

பார்த்தவர்கள் கேட்டது துணி. தையல் கூலிக்குத் தொடங்கிய ‘மிசூரி ஸ்டார் குவில்ட் கம்பெனி’ வெட்டிய துணிக்கட்டுகளை இணையத்தில் விற்கத் தொடங்கியது, விற்பனை எகிறியது. பூட்டிக்கிடந்த கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கிக் கடைகளாக்கினார்கள். மனைவிமார் துணி பார்க்கும்வரை கணவன்மார் சாய்ந்திருக்க ஒரு கூடம்கூட உண்டு. பென்னியின் பழைய கடைக் கட்டடம் தையல் பயிலும் இடமானது. 2015இல் அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகம், அந்த ஆண்டின் தேசியச் சிறுதொழில் முனைவோர் விருதை ஆலன், சாரா, அவர்களுடைய தொழில் பங்குதாரர் டேவிட் மிஃப்சுட் மூவருக்கும் கொடுத்தது.

‘வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் நம்மிடம் எவன் வருவான்?’ என்ற பயம் மெக்கானிக் முதல் ஆடிட்டர் வரை எல்லோருக்கும் உண்டு. டோன் குடும்பம் கற்றுக்கொடுத்தது எதை என்று பார்த்தால் அந்தப் பயம் தெளியும். அவர்கள் கற்றுக்கொடுத்தது, வாடிக்கையாளர் வீட்டில் தானே செய்யக்கூடிய முதல் பாதி. அதைச் செய்பவர்கள் கூடக் கூட, துணிக்கும் கடைசித் தையலுக்கும் தேவை கூடியது. ஏசி மெக்கானிக்குக்கும் இது பொருந்தும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது எப்படி என்று அவர் காட்டினால் அவர் பிழைப்பில் ஒன்றும் குறையாது. கேஸ் குறைந்தால் ஜனங்கள் கூப்பிடப்போவது அவரைத்தான். கேஸ் நிரப்புவது, மின்பலகையைத் திறப்பது போன்ற ஆபத்தான வேலைகளை மட்டும் யாரும் வீடியோ பார்த்துச் செய்யும்படி விடக்கூடாது.

வர்ஜீனியாவில் வீடுகளுக்கு ஃபைபர்கிளாஸ் நீச்சல்குளம் பதிக்கும் ‘ரிவர் பூல்ஸ்’ நிறுவனமும் அதே 2008 சரிவில்தான் தத்தளித்தது. அதன் பங்குதாரர் மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் இணையத்தில் பதில் எழுதினார். பின்னர் வீடியோவிலும் சொன்னார். குளம் பதிக்க என்ன செலவாகும் என்பதையும், தான் விற்கும் ஃபைபர்கிளாஸ் குளத்தின் குறைகளையும் அவர் மறைக்கவில்லை. விலையைப் பற்றிய அந்த ஒரு பக்கமே 20 லட்சம் டாலருக்கு மேல் வியாபாரம் கொண்டுவந்தது என்பது அவர் சொல்லும் கணக்கு. ‘நேரில் வாங்க, பேசிக்கலாம்’ என்று விலையை மூடிவைக்கும் நம் ஊர்ப் பழக்கம் இந்த இடத்தில் தோற்கிறது.

ஆனால் ஹாமில்டன் கதையை அப்படியே நகலெடுக்க முடியாது. துணியைத் தபாலில் அனுப்பலாம். பிளம்பரை அனுப்ப முடியுமா? மதுரை பிளம்பரின் வீடியோவை மலேசியாவில் லட்சம் பேர் பார்த்தாலும் அவருக்கு வேலை கிடைக்கப்போவது மதுரையில்தான். ஆகவே வீடியோவின் தலைப்பிலும் பேச்சிலும் ஊர்ப் பெயர், பேட்டைப் பெயர் வரவேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, வீடியோ பார்த்துவிட்டு எத்தனை பேர் போன் செய்தார்கள் என்பதே உருப்படியான கணக்கு. கேமராவுக்குக் கையிலிருக்கும் செல்போன் போதும். படம் சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள், பேச்சு கேட்கவில்லையென்றால் தள்ளிவிட்டுப் போவார்கள். செலவு செய்வதானால் சட்டையில் மாட்டும் மைக்குக்குச் செய்யலாம்.

சிறுதொழில் செய்பவர்கள் என்ன வீடியோ போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வாரம் போனில் வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தலைப்பாக வைத்து, ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.