மதிப்பெண்ணாகச் சுருங்கும் திறனாய்வு: கன்சோல் விளையாட்டுகளை முன்வைத்து

கன்சோல் காணொளி விளையாட்டுகளுக்கு மதிப்பெண் வழங்கும் முறை, வாங்குவோருக்கு வழிகாட்டும் நோக்கில் வளர்ந்ததாகும். 1986இல் ஜப்பானில் தொடங்கப்பெற்ற ஃபாமிட்சு இதழின் மதிப்புரைப் பகுதியில் ஒரு விளையாட்டை நால்வர் தனித்தனியே மதிப்பிட்டு, ஒவ்வொருவரும் 10 மதிப்பெண் வரை வழங்கினர். 40க்கு 40 பெற்ற முதல் விளையாட்டு, 1998இல் நின்டெண்டோ 64 கருவிக்கு வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ ஆகும். நால்வரின் மதிப்பெண்களும் குறிப்புரைகளும் அருகருகே அச்சிடப்பட்டமையால், அவர்தம் கருத்து வேறுபாடுகள் வாசகருக்குப் புலப்பட்டன.

2001இல் தோன்றிய மெட்டாகிரிட்டிக் தளமோ பல இதழ்களின் மதிப்பெண்களை 100க்கு என்னும் அளவுக்கு மாற்றி, ஒரே சராசரியாகத் தருகிறது. இதழுக்கேற்ப அளிக்கப்படும் முக்கியத்துவம் வேறுபடும். அவ்வேறுபாட்டின் அளவுகளை அத்தளம் வெளியிடுவதில்லை. தனி மதிப்புரைகளும் பட்டியலிடப்படுகின்றன எனினும், முன்னிற்பது சராசரியே.

இவ்வெண் படைப்போரின் வருவாயையும் தீர்மானித்துள்ளது. 2010இல் வெளியான ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ 85 பெற்றால் ஊக்கத்தொகை உண்டு என்பது, அதனை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துடனான உடன்பாடு. எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பு பெற்றது 84, ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. அந்நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் அவலோன் 2012இல் இதனை வெளிப்படுத்தினார். திறனாய்வாளர்கள் அவ்விளையாட்டின் கதையமைப்பைப் பாராட்டினர். நிரல் பிழைகளைக் கண்டித்தனர். 84 என்னும் எண்ணில் பாராட்டும் கண்டனமும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிட்டன.

தனித் திறனாய்வாளர் தம் தீர்ப்புக்குக் காரணம் கூறுகிறார். சராசரிக்கு அவ்வாறு காரணம் கூறும் பொறுப்பு எவருக்கும் இல்லை. ஆயினும் பொருளியல் விளைவு அச்சராசரியைச் சார்ந்தே அமைந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.