கட்சிக்குள் ஓட்டு – 8: பொதுக்குழுவைக் கூட்டுவது யார்?

புளியறையிலிருந்து மேற்கே ஏறும் சாலை, சில வளைவுகளில் கோட்டைவாசலைத் தொட்டு கேரளத்துக்குள் இறங்கிவிடும். தென்காசி மாவட்டம், செங்கோட்டை வட்டத்தின் கடைக்கோடி ஊர். இங்கே ஒரு அ.தி.மு.க. தொண்டரிடம் கட்சி அமைப்பைப் பற்றிக் கேட்டால், கிளை, ஒன்றியம், மாவட்டம், தலைமைக் கழகம் என்று கீழிருந்து மேலே படிப்படியாகச் சொல்வார். கட்சியின் சட்ட விதியோ, அதே கீழ்ப்படியில் நிற்கும் அவருக்குத்தான் மிகப் பெரிய உரிமையைக் கொடுத்திருக்கிறது. பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவருக்கும் இதே உரிமை உண்டு.

இந்த விதிக்கு ஒரு பூட்டும் போட்டிருந்தார்கள். கட்சியின் எந்த விதியையும் சேர்க்க, திருத்த, நீக்கப் பொதுக்குழுவுக்கு அதிகாரம் உண்டு; ஆனால் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியை மட்டும் தொடக்கூடாது என்றது 43-வது விதி. தமிழ்நாட்டின் பெரிய கட்சிகளில் இது அபூர்வம். தி.மு.க.வில் தலைவரைத் தேர்ந்தெடுப்பது பொதுக்குழு. காங்கிரசில் பிரதிநிதிகள். 1972-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சியில்தான் கடைசித் தொண்டனுக்கும் ஒரு சீட்டு உண்டு என்று எழுதி வைத்தார்கள்.

அந்தச் சீட்டு பெட்டியில் விழுந்ததா? 2014 ஆகஸ்டில் ஜெயலலிதா ஏழாவது முறையாகப் பொதுச் செயலாளரானபோதும் போட்டியில்லை. அவர் மறைந்த 2016 டிசம்பரிலேயே, 29-ம் தேதி, பொதுக்குழு வி.கே. சசிகலாவை நியமித்தது. 2017 செப்டம்பர் 12-ல் கூடிய பொதுக்குழு அந்த நியமனத்தை ரத்து செய்தது; ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச் செயலாளர் என்று அறிவித்து, ஓ. பன்னீர்செல்வத்தை ஒருங்கிணைப்பாளராகவும் எடப்பாடி பழனிசாமியை இணை ஒருங்கிணைப்பாளராகவும் அமர்த்தியது. 2021 டிசம்பர் 1-ல் செயற்குழு இன்னொரு திருத்தம் செய்தது: இரு பதவிகளுக்கும் சேர்த்து அடிப்படை உறுப்பினர் ஒரே ஓட்டுப் போடலாம். 7-ம் தேதி வாக்குப்பதிவு என்றார்கள். 6-ம் தேதியே இருவரும் போட்டியின்றி வென்றதாக அறிவிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஆறு மாதத்தில் பன்னீர்செல்வம்–பழனிசாமி இரட்டைத் தலைமை உடைந்தது. சண்டை மேடையில் தொடங்கினாலும், நீதிமன்றத்தில் அது விதிப்புத்தகத்தின் சில வரிகளைச் சுற்றியே நடந்தது. கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு? யார் கையெழுத்துப் போட வேண்டும்? எத்தனை உறுப்பினர் கேட்டால் கூட்டியாக வேண்டும்?

2022 ஜூன் 23-ல் சென்னை வானகரத்தில் பொதுக்குழு. அதற்கு 23 தீர்மான வரைவுகள் தயார். முந்தைய இரவு உயர் நீதிமன்றத்தில் வழக்கு. தனி நீதிபதி தலையிட மறுத்தார். நள்ளிரவைத் தாண்டி விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வு, அந்த 23 தீர்மானங்களைத் தவிர வேறெதையும் நிறைவேற்றக்கூடாது என்று விடியற்காலையில் உத்தரவிட்டது. பொழுது விடிந்ததும் பொதுக்குழு 23-ஐயும் நிராகரித்துவிட்டது. அவைத்தலைவராகத் தேர்வான தமிழ்மகன் உசேன், அடுத்த பொதுக்குழு ஜூலை 11-ல் என்று மேடையிலேயே அறிவித்தார்.

இங்கேதான் நாள் கணக்கு வழக்காயிற்று. பொதுக்குழுவுக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது விதி. எழுத்து வடிவ அழைப்பு வந்தது ஜூலை 1-ல். அதிலிருந்து எண்ணினால் பத்தே நாள். மேடை அறிவிப்பிலிருந்து எண்ணினால் பதினெட்டு. அழைப்பில் ஒருங்கிணைப்பாளரும் இணை ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றது பன்னீர்செல்வம் தரப்பு. 2021 டிசம்பர் திருத்தத்தைப் பொதுக்குழு அங்கீகரிக்கவில்லை, ஆகவே அந்தப் பதவிகளே காலாவதி; ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் எழுதிக் கேட்டால் கூட்டியே ஆக வேண்டும், இங்கே கேட்டவர்கள் 2,000-க்கும் மேல் என்றது பழனிசாமி தரப்பு. மொத்தப் பொதுக்குழு உறுப்பினர்கள் 2,665 பேர்.

ஜூலை 11 காலை உயர் நீதிமன்றம் தடை மறுத்த சற்று நேரத்தில் பொதுக்குழு கூடியது. பழனிசாமி இடைக்காலப் பொதுச் செயலாளரானார். பன்னீர்செல்வமும் அவருடைய ஆதரவாளர்கள் சிலரும் நீக்கப்பட்டார்கள். அதே வேளையில் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் கைகலப்பு நடந்து, வருவாய்த் துறை சீல் வைத்தது.

நீக்கப்பட்டவர்களில் ஒருவர் தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கு நன்கு தெரிந்தவர்: அப்போது ஆலங்குளம் சட்டமன்ற உறுப்பினராக இருந்த மனோஜ் பாண்டியன், முன்னாள் சபாநாயகர் பி.எச். பாண்டியனின் மகன். 2021-ல் இதே மாவட்டத்தில் கடையநல்லூரிலும் அ.தி.மு.க.வின் இரட்டை இலைதான் வென்றது. அங்கே வென்ற கிருஷ்ணமுரளி பழனிசாமி பக்கம் நின்றார். ஒரே சின்னத்தில் வென்ற இரண்டு பேர், ஒரே மாவட்டத்தில், எதிரெதிர் அணிகளில். அந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்ட கட்சிக்காரரிடம் உங்களுக்கு யார் தலைவர் என்று யாரும் சீட்டு நீட்டவில்லை. மனோஜ் பாண்டியன் 2025-ல் தி.மு.க.வில் சேர்ந்தார்.

வழக்கு ஏறி இறங்கியது. 2022 ஆகஸ்ட் 17-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஜெயச்சந்திரன், ஜூன் 23-ல் இருந்த நிலையே தொடர வேண்டும் என்றார். செப்டம்பர் 2-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டியது. 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம், ஜூலை 11 கூட்டம் கூட்டப்பட்ட முறை சரியென்றது. அங்கே நிறைவேறிய தீர்மானங்கள் செல்லுமா என்பதை உரிமையியல் வழக்குகளுக்கு விட்டுவிட்டது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை வேறு உருவத்தில் நடக்கும். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு மாநிலம் கட்சி வாக்காளர்கள் ஓட்டுப் போடுவார்கள். அதன்படி பிரதிநிதிகள் தேசிய மாநாட்டுக்குப் போவார்கள். முதலில் ஓட்டு நடத்தும் மாநிலத்துக்கு மவுசு அதிகம். 2008-ல் மிச்சிகனும் ஃபுளோரிடாவும், ஜனநாயகக் கட்சி வகுத்த அட்டவணையை மீறி ஜனவரியிலேயே தேர்தல் நடத்தின. கட்சி இரு மாநிலங்களின் பிரதிநிதிகளையும் செல்லாதவர்களாக்கியது. மிச்சிகனில் ஒபாமா சீட்டிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டார், ஹிலாரி எடுக்கவில்லை. மே 31-ல் கட்சியின் விதிக் குழு கூடி, பிரதிநிதிகளுக்குத் தலைக்கு அரை ஓட்டு என்று முடித்தது. ஆகஸ்ட் மாநாட்டில் முழு ஓட்டும் திரும்பக் கிடைத்தது.

அங்கே ஓட்டு விழுந்துவிட்டது, அதை எப்படி எண்ணுவது என்று சண்டை. இங்கே எண்ணுவதற்கு ஓட்டே இல்லை. 2,665 பேரை அழைக்கும் உரிமை யாருக்கு என்றுதான் சண்டை. பிரதிநிதிக்கும் உறுப்பினருக்கும் நடுவே இருக்க வேண்டிய தேர்தல் நடக்காதபோது, பிரதிநிதியைக் கூட்டுகிறவர் கையில் கட்சி போய்விடுகிறது.

பூட்டுப் போட்ட விதி என்ன ஆயிற்று? அது இன்றும் இருக்கிறது. ஜூலை 11 பொதுக்குழு பொதுச் செயலாளர் பதவியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்பதையும் வைத்துக்கொண்டது. ஆனால் வாசலில் புதுக் காவல் போட்டது: போட்டியிடுகிறவர் பத்து ஆண்டு உறுப்பினராகவும் ஐந்து ஆண்டு தலைமைக் கழக நிர்வாகியாகவும் இருந்திருக்க வேண்டும், பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய, பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். மாவட்டச் செயலாளரை நீக்கும் அதிகாரம் தலைமையிடம் இருக்கும் கட்சியில், தலைமையை எதிர்த்து இருபது மாவட்டச் செயலாளர் கையெழுத்து யாருக்குக் கிடைக்கும்?

அட்டவணையையும் பாருங்கள். 2023 மார்ச் 17-ல் தேர்தல் அறிவிப்பு. 18, 19-ல் வேட்புமனு. 26-ல் வாக்குப்பதிவு. கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரையும் வெளிமாநிலங்களிலும் இருக்கும் உறுப்பினர்களுக்கு வேட்பாளராகக் கிடைத்த அவகாசம் இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை அவசரமாக விசாரித்த உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தலாம், முடிவை அறிவிக்கக்கூடாது என்றது. 28-ம் தேதி தீர்ப்பு வந்ததும் பழனிசாமி போட்டியின்றித் தேர்வானதாக அறிவித்தார்கள். ஏப்ரல் 20-ல் தேர்தல் ஆணையம் அதைப் பதிவு செய்துகொண்டது.

பழனிசாமிக்குப் பொதுக்குழுவில் பெரும்பான்மை இருந்தது என்பதில் சந்தேகமில்லை. உறுப்பினர்களிடமும் இருந்திருக்கலாம். அப்படியென்றால் ஓட்டுக்கு அஞ்ச வேண்டிய அவசியமே இல்லை. உறுப்பினர் பட்டியலை முன்பே வெளியிட்டு, மாதக்கணக்கில் அவகாசம் கொடுத்து, ஒன்றியத்துக்கு ஒரு பெட்டி வைத்திருந்தால், எட்டு மாதம் நீதிமன்றப் படியேறி வாங்கிய அங்கீகாரத்தைப் புளியறைக்காரரே கொடுத்திருப்பார். கூட்டம் முறையாகக் கூட்டப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். இரண்டாவது வேட்பாளரைக் கொண்டுவந்து நிறுத்த அதனால் ஆகாது. அது கட்சி செய்ய வேண்டிய வேலை.

அடுத்த வாரம்: 2022 காங்கிரஸ் தலைவர் தேர்தலில் இரண்டு வேட்பாளர் இருந்தார்கள், பெட்டியும் இருந்தது. அப்படியும் வாக்காளர் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கட்சிக்குள்ளேயே குரல் எழுந்தது ஏன்?

(தொடரும்)