தொட்டுப் பார்க்கும் விரல்கள்



போன பொங்கல் லீவில் எங்க வீட்டுக் குட்டித் தம்பி பல்லாங்குழியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டான். அவனுக்கு இன்னும் மூணு வயசு ஆகலை. டாக்டர்தான் அதை வெளியே எடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் அவன் எதை எடுத்தாலும் "தொடாதே!"தான். ஆனால் சின்னக் குழந்தைகள் தொட்டும் தட்டியும் முகர்ந்தும்தானே எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறார்கள்?

இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் குழந்தைகள் பள்ளி தொடங்கினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் படித்தார்கள். 1939-இல் அவர் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

பயமில்லாமல் தொட்டு விளையாட நாமும் சில பொருள்கள் செய்யலாமே!

1. விளையாட்டு மாவு: மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 ஸ்பூன், அரை எலுமிச்சைச் சாறு. கட்டியில்லாமல் கரைத்து, அம்மாவையோ அக்காவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறு தீயில் கிளறுங்கள். உருண்டு திரண்டு வந்ததும் இறக்கி, ஆறியபின் பிசையுங்கள். கலருக்கு மஞ்சள்தூள் அல்லது பீட்ரூட் சாறு.

வேக வைப்பது ஏன்? பச்சை மாவில் கிருமிகள் இருக்கலாம். உப்பு ஏன்? ஈரத்தை உப்பு பிடித்துக்கொள்வதால் பூஞ்சை சீக்கிரம் வராது. மூடி போட்ட டப்பாவில் வைத்தால் பல நாள் வரும். ஆனால் உப்பு அதிகம் என்பதால் தின்னக் கூடாது!

2. ஓசை பாட்டில்: சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் அரிசி, பயறு, மணல் என்று இரண்டிரண்டாகப் போட்டு, வெளியே தெரியாமல் காகிதம் ஒட்டுங்கள். ஆட்டிப் பார்த்து ஜோடி கண்டுபிடிக்க வேண்டும். மூடியில் பசை தடவி, மேலே டேப்பும் சுற்றணும்.

3. மாயப்பை: பழைய துணிப்பையில் கொட்டாங்குச்சி, பீர்க்கங்காய் நார், மரக்கரண்டி, பட்டுத்துணி. கண்ணை மூடித் தொட்டு, என்னவென்று சொல்லணும்.

மறக்காதீங்க! மூணு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள். மணி, கொட்டை, பட்டன் தொண்டையில் சிக்கினால் மூச்சே அடைத்துவிடும். விளையாடும்போது ஒருவர் கூடவே உட்காரணும்.

இப்போது எங்க தம்பி மாவில் இட்லி செய்து எல்லோருக்கும் பரிமாறுகிறான். வீட்டில் "தொடாதே" சத்தமும் குறைந்துவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள்!

— 8-ஆம் வகுப்பு மாணவி