மைசூரு: குறை கேட்க யார்?

1881இல் மக்கள் பிரதிநிதிகளுக்குச் சபை கண்ட நகரம், 2023இல் கவுன்சிலர்கள் இல்லாமல் நின்றது.

மைசூரு அரண்மனைக்கு அருகே உள்ள பழைய குடியிருப்பு அக்ரஹாரம். தெருவிளக்கு எரியாவிட்டாலோ சாக்கடை அடைத்துக்கொண்டாலோ, இதுபோன்ற பகுதிகளில் மக்கள் முதலில் தேடுவது வார்டு கவுன்சிலரைத்தான். 2023 நவம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 65 வார்டு கவுன்சிலர்களும் ஒரே நாளில் மாஜிக்களானார்கள். உரிய காலத்தில் தேர்தல் நடக்கவில்லை. நிர்வாகம் அதிகாரிகளின் கைக்குப் போயிற்று.

வேறு ஊரென்றால் இது சாதாரணச் செய்தி. ஆனால் மைசூருவின் சரித்திரம் வேறு. 1881 அக்டோபர் 7 அன்று, தசரா சமயத்தில், சமஸ்தானம் முழுவதிலுமிருந்து 144 பிரதிநிதிகள் இங்கே கூடினார்கள். சுதேச சமஸ்தானங்களில் இத்தகைய சபை இதுவே முதல். யோசனை, செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து மைசூர் திவானாக உயர்ந்த ரங்காசார்லுவுடையது.

அந்தச் சபைக்குச் சட்டமியற்றும் அதிகாரம் கிடையாது. வந்தவர்கள் வசதியுள்ள விவசாயிகளும் வணிகர்களும்தான். திவான் அரசின் வரவு செலவை எடுத்துரைப்பார். உறுப்பினர்கள் குறைகளைச் சொல்வார்கள். ஆனாலும் மக்களுக்குக் கணக்குச் சொல்லும் வழக்கம் வேரூன்றியது. 1891இல் தேர்தல் வந்தது. 1923இல் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது.

மக்கள் பங்கேற்பின் பலனை இந்த நகரம் அண்மைக் காலத்திலும் கண்டிருக்கிறது. 2016இல் மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் மைசூரு முதலிடம் பிடித்தது. துப்புரவுத் தொழிலாளர்களின் உழைப்போடு, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுத்த குடும்பங்களுக்கும் அதில் பங்குண்டு.

தெருவைச் சுத்தமாக வைத்திருக்க ஒரு திறமையான அதிகாரி போதும். ஆனால் இருக்கும் பணத்தை எந்தத் தெருவுக்கு முதலில் செலவிடுவது? அந்த முடிவு தவறானால் யாரை மாற்றுவது? இதற்குத்தான் தேர்தல். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. ஆனால் வார்டு மறுவரையறை, இடஒதுக்கீட்டுத் தகராறு என்று உள்ளாட்சித் தேர்தல்கள் தள்ளிப்போவது நாடெங்கும் பழகிப்போன கதை.

ரங்காசார்லுவின் நினைவாகக் கட்டப்பட்ட டவுன் ஹால் இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. அவர் காலத்தில் பிரதிநிதிகளுக்கு அதிகாரம் இல்லை. இன்று சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. 2023இல் இல்லாமல் போனவர்கள் பிரதிநிதிகள்தான்.