கணிப்பொறிக் கருவிகளின் பெயரும் அடையாளமும்

புனே நகரில் குடியேறிய தமிழர் பலரும் பெயரைப் பற்றிய ஒரு சங்கடத்தை அனுபவித்திருப்பர். இங்குள்ள படிவங்கள் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்றைக் கேட்கும். நம்மிடமோ தலைப்பெழுத்தும் ஒரு பெயருமே உண்டு. ஆதலின் ஒருவரே ஓர் ஏட்டில் ஒரு பெயராலும், மற்றோர் ஏட்டில் வேறு பெயராலும் பதிவாகிவிடுகிறார். கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய சங்கடம் உண்டு.

கணிப்பொறியின் உறுப்புகளை ஆண்டு நடத்தும் மென்பொருளே இயங்குதளம். புனேயில் 1988-இல் தோன்றி, இங்கேயே தலைமையகம் கொண்டுள்ள சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், 2007-இல் ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. அது லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. லினக்ஸோ யூனிக்ஸ் மரபைப் பின்பற்றுவது. அம்மரபில் கருவிகளும் கோப்புகளைப் போலவே பெயர் பெற்று, ‘டெவ்’ என்ற தொகுப்பில் அமைகின்றன. முதல் வன்வட்டு ‘எஸ்.டி.ஏ.’, அடுத்தது ‘எஸ்.டி.பி.’.

பெயருக்குப் பின்னே இரண்டு எண்கள் உண்டு. முதலெண், கருவியை இயக்கும் நிரலைக் குறிக்கும். அடுத்த எண், அந்நிரலின் பொறுப்பிலுள்ளவற்றுள் எது என்பதைக் காட்டும். எஸ்.டி.ஏ. வட்டுக்கு எண்கள் 8, 0. உருவமே இல்லாத கருவிகளுக்கும் எண்கள் உள. ‘நல்’ என்பதன் எண்கள் 1, 3. அதனுள் எதை எழுதினாலும் மறைந்துபோம். ‘ஜீரோ’ என்பதன் எண்கள் 1, 5. அது படிக்கப் படிக்கச் சுழியங்களையே தரும். இவ்வெண்களின் பட்டியல் லினக்ஸ் ஆவணங்களில் உள்ளது. 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸின் முதற் கையேட்டிலேயே நான்காம் பகுதி கருவிக் கோப்புகளுக்கென ஒதுக்கப்பட்டது. லினக்ஸ் கையேட்டிலும் அவ்வாறே.

ஆயினும் ஓர் ஆபத்து உண்டு. எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்பன கருவிகள் கண்டறியப்பட்ட வரிசையைக் குறிக்கும் பெயர்களே. கணிப்பொறியை மீண்டும் இயக்கும்போது அவை இடம் மாறக்கூடும். என் இல்லத்தில் நிகழ்ந்ததையே கூறுகிறேன். காலஞ்சென்ற தந்தையாரின் புகைப்படங்களை வெளிப்புற வட்டு ஒன்றில் சேமித்திருந்தோம். ஒரு நாள் பென் டிரைவ் ஒன்றை அழித்துச் சீராக்க எண்ணி, முதல்நாள் குறித்து வைத்திருந்த எஸ்.டி.பி. என்ற பெயரையே கட்டளையில் இட்டேன். அன்று அப்பெயர் வெளிப்புற வட்டினுடையதாகியிருந்தது. படங்கள் யாவும் அழிந்தன.

இதற்குப் பரிகாரம் இயங்குதளத்திலேயே உள்ளது. ‘டெவ்’ தொகுப்பினுள் ‘டிஸ்க்’ என்ற உட்பிரிவு ஒன்று உண்டு. அங்கே வட்டின் வகைப்பெயரும் தொடரெண்ணும் சேர்ந்த நிலையான பெயரைக் காணலாம். ‘எல்.எஸ்.பி.எல்.கே.’ என்னும் கட்டளை ஒவ்வொரு வட்டின் கொள்ளளவையும் காட்டும். அழிக்கும் கட்டளையை இடுமுன் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் ஒரு நிமிட வேலையே.

வரிசையால் வந்த பெயர் வரிசையோடு மாறும். பொருளோடு பிறந்த அடையாளமே நிலைக்கும். இதனை நான் காலந்தாழ்த்தி உணர்ந்தேன். நேயர்கள் முன்னரே உணர்ந்து கொள்வார்களாக.