வானத்தில் உறைந்து கிடந்த வீடு! விளக்கேற்றிய இரண்டு வீரர்கள்

இந்தியாவின் முதல் விண்வெளி வீரர் ராகேஷ் சர்மாவை எல்லோருக்கும் தெரியும். 1984–ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் ரஷியர்களுடன் வானவெளிக்குப் போய் ஒரு "வீட்டில்" தங்கினார். அதன் பெயர் சல்யூட்–7. பூமியை ஓயாமல் சுற்றி வந்த விண்வெளி நிலையம் அது. எடை சுமார் 20 டன்.

அடுத்த பத்தே மாதத்தில் அந்த வீட்டின் உயிர் அடங்கிப் போனது!

1985–ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அப்போது நிலையத்தில் ஆள் யாரும் இல்லை. திடீரென்று ரேடியோ ஓய்ந்தது. பூமியில் இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதிலே இல்லை.

போய்ப் பார்க்கலாம் என்றால், அது லேசான காரியமா? வழக்கமாக நிலையத்தில் உள்ள கருவியும், போகிற கப்பலில் உள்ள கருவியும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். கப்பல் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். நிலையமே ஊமையாகிவிட்டால் எதனுடன் பேசுவது?

கையால் ஓட்டினார்

இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் விளாடிமிர் ஜானிபெகோவ். 1982–ல் இதே நிலையத்துக்குப் போனபோது கருவி தகராறு செய்ய, கப்பலைக் கையாலேயே ஓட்டிச் சேர்த்தவர். மற்றவர் என்ஜினீயர் விக்டர் சவினிக்.

ஜூன் 6–ந் தேதி சோயுஸ் டி–13 கப்பல் கிளம்பியது. 8–ந் தேதி நிலையம் கண்ணில் பட்டது. அதன் சூரியப் பலகைகள் கோணல்மாணலாக நின்றன. கப்பலும் நிலையமும் மணிக்கு சுமார் 28 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. சவினிக் ஜன்னல் வழியாக லேசர் கருவியைப் பிடித்துத் தூரத்தை அளந்து சொல்லச் சொல்ல, ஜானிபெகோவ் ஊசியில் நூல் கோப்பது போல் கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

எச்சில் உறைந்தது!

முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கும்மிருட்டு. ஒரு சத்தமும் இல்லை. சுவர்களில் உறைபனி. குளிர் எவ்வளவு என்று பார்க்க சுவரில் எச்சிலைத் துப்பினார்கள். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அது உறைந்துவிட்டது!

மேஜையில் காய்ந்த ரொட்டித் துண்டுகளும் உப்பு மாத்திரைகளும் இருந்தன. ரொட்டியும் உப்பும் வைத்து விருந்தாளியை வரவேற்பது ரஷியர் வழக்கம். முன்பு தங்கியவர்கள் அடுத்து வருகிறவர்களுக்காக வைத்துவிட்டுப் போனது அது. அந்த இருட்டில் அதைக் கண்டபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் அந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இருந்ததெல்லாம் பனிக்கட்டியாகிவிட்டது. கொண்டுபோன தண்ணீரோ, சிக்கனமாகக் குடித்தாலும் இரண்டு வாரத்தைத் தாண்டுவது கடினம். அதற்குள் நிலையத்துக்கு உயிர் வரவேண்டும். இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டியதுதான்.

8 பாட்டரிகளில் 2 கெட்டுவிட்டன. மீதி 6–ஐயும் சூரியப் பலகையில் இருந்து வரும் கம்பிகளுடன் நேரடியாக இணைத்தார்கள். கையுறை போட்டால் கம்பி பிடிபடாது. கழற்றினால் விரல் விறைக்கும். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, வெறும் விரலால் முறுக்கினார்கள். பிறகு தங்கள் கப்பலின் என்ஜினை இயக்கி, பலகைகள் வெயிலைப் பார்க்கும்படி நிலையத்தையே திருப்பினார்கள்!

இன்னொரு தொல்லையும் இருந்தது. விசிறி ஓடவில்லை. எடை இல்லாத இடத்தில் நாம் விட்ட மூச்சு மேலே போகாது. முகத்துக்கு முன்னாலேயே தேங்கும். அதையே திரும்பச் சுவாசித்தால் தலைவலி, சோர்வு எல்லாம் வரும். அதையும் சமாளித்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

சில நாட்களில் விளக்கு எரிந்தது. ரேடியோ பேசியது. பனி உருகித் தண்ணீராகி எங்கும் ஒட்டிக்கொண்டது. அதைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனார்கள். ஜூன் 23–ந் தேதி ஆளில்லாத சரக்குக் கப்பல் தண்ணீரும் உதிரி பாகங்களும் கொண்டு வந்தது.

காரணம் என்ன?

இவ்வளவுக்கும் காரணம் ஒரு சிறிய அளவுக் கருவி! பாட்டரி நிரம்பிவிட்டது என்று அது பொய் சொன்னது. உடனே நிலையம் மின்சாரம் ஏற்றுவதை நிறுத்திக்கொண்டது. இருந்த மின்சாரமும் கரைந்துபோனது.

ஜானிபெகோவ் செப்டம்பர் 26–ந் தேதி பூமிக்குத் திரும்பினார். சவினிக் புதிதாக வந்த இரண்டு வீரர்களுடன் நவம்பர் வரை அங்கேயே தங்கினார். 1986–ல் வேறு வீரர்களும் போய் அந்த வீட்டில் குடியிருந்தார்கள். 1991–ம் ஆண்டு பிப்ரவரியில் அது காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்தது. எரியாத துண்டுகள் அர்ஜென்டினா நாட்டில் விழுந்தன.