27 நாடுகள், ஒரே முடிவு: ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுக் கொள்கை எப்படி உருவாகிறது?

2025 ஜூலை பிற்பகுதி. குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு, மைக்ரோசாஃப்ட் சேவைகள் திடீரென நின்றுபோயின. உங்கள் ஆபீஸில் மெயிலும் டீம்ஸும் ஒரே நேரத்தில் போனால் எப்படி இருக்கும்? அதேதான். நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது.

அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூலை 18 அன்று, ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யா மீதான 18-வது தடைத் தொகுப்பை நிறைவேற்றியிருந்தது. அந்தப் பட்டியலில் நயாராவும் இருந்தது. காரணம், நயாராவின் 49.13% பங்கு ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் கையில் இருக்கிறது.

இந்தத் தொகுப்பு முன்மொழியப்பட்டது ஜூன் 10-ல். ஐந்து வாரத்துக்கு மேல் இழுத்தது ஏன்? கடைசி வரை சம்மதிக்காமல் நின்றது சுமார் 54 லட்சம் பேர் வாழும் ஸ்லோவாக்கியா. 45 கோடி மக்களின் ஒன்றியத்தை இவ்வளவு சின்ன நாடு எப்படி நிறுத்தி வைக்க முடிந்தது?

முடிவெடுப்பது யார்?

மேலே இருப்பது 27 நாடுகளின் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சில். பொதுவான திசையை அவர்கள் சொல்வார்கள். அதை முடிவாக மாற்றுவது, பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும் வெளியுறவு அமைச்சர்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் ஒன்றியத்தின் 'உயர் பிரதிநிதி'. 2024 டிசம்பரில் எஸ்தோனியாவின் முன்னாள் பிரதமர் காயா கல்லாஸ் இந்தப் பொறுப்புக்கு வந்தார்.

நிஜமான பேரம் நடப்பது இன்னும் கீழே. 27 நாடுகளின் தூதர்கள் உட்காரும் அரசியல், பாதுகாப்புக் குழு வழக்கமாக வாரம் இரண்டு முறை கூடுகிறது. எந்தப் பெயர் பட்டியலில் வரணும், எந்த வார்த்தையை எடுக்கணும் என்ற இழுபறி எல்லாம் அங்கேதான்.

வர்த்தகத்தில் பெரும்பான்மை இருந்தாலே முடிவெடுக்கலாம். வெளியுறவில் பொதுவாக 27 பேரும் சம்மதிக்கணும். ஒரு நாடு 'நோ' சொன்னால் கதை முடிந்தது. ரஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளுக்கு ஆயுள் ஆறு மாதம்தான் என்பதால், ஒவ்வொரு நீட்டிப்புக்கும் இதே சம்மதம் மறுபடி தேவை.

ஏன் இப்படி ஒரு விதி?

ராணுவமும் வெளியுறவும் ஒரு நாட்டின் இறையாண்மையின் மையம். அதைப் பங்கு போட யாருக்கும் சுலபத்தில் மனசு வராது. 1952-ல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஆறு நாடுகள் பொது ராணுவம் அமைக்க ஒப்பந்தம் போட்டன. 1954-ல் பிரான்ஸ் நாடாளுமன்றமே அதைக் கவிழ்த்தது. 1970-ல் மறுபடி தொடங்கியபோது, 'முதலில் கலந்து பேசுவோம்' என்ற அளவில்தான் ஆரம்பித்தார்கள்.

1992-ல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம்தான் 'பொது வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை' என்று பெயர் வைத்தது. அதே நேரத்தில் பக்கத்திலேயே யூகோஸ்லாவியா எரிந்துகொண்டிருந்தது. 1995-ல் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். சமாதானப் பேச்சு நடந்ததோ அமெரிக்காவின் டேட்டனில். கொள்கை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பது ஐரோப்பாவுக்கு அப்போது வலிக்க வலிக்கப் புரிந்தது. அதன் பிறகுதான் உயர் பிரதிநிதி பதவி, லிஸ்பன் ஒப்பந்தம் (2009), தனி வெளியுறவுத் துறை எல்லாம் வந்தன.

ஒரு 'நோ'வின் விலை என்ன?

நாட்கணக்கில் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

2020, பெலாரஸ்: தேர்தல் மோசடி, அடக்குமுறைக்காகத் தடை விதிக்க ஆகஸ்ட் 14-ல் கொள்கையளவில் சம்மதம். துருக்கி மீதும் நடவடிக்கை வேண்டும் என்று சைப்ரஸ் அடம்பிடிக்க, தடை வந்தது அக்டோபர் 2-ல். 49 நாட்கள்.

2022, ரஷ்ய எண்ணெய்: மே 4-ல் அறிவிப்பு, ஜூன் 3-ல் ஒப்புதல். 30 நாட்கள். ஹங்கேரிக்காக குழாய் வழி வரும் எண்ணெய்க்கு விலக்கு தரப்பட்டது.

2025, 18-வது தொகுப்பு: 38 நாட்கள். ரஷ்ய எரிவாயுவை நிறுத்தும் திட்டத்தால் தனக்கு வரும் பாதிப்புக்கு ஸ்லோவாக்கியா உத்தரவாதம் கேட்டது.

மூன்றிலும் ஒரு பொது அம்சம் தெரிகிறதா? தடுத்த நாடு, வேறொரு கணக்கைத் தீர்க்கப் பார்த்தது.

வெளியே வர வழி இல்லையா?

இருக்கிறது. ஒரு நாடு 'நான் சேரமாட்டேன், ஆனால் தடுக்கவும் மாட்டேன்' என்று ஒதுங்கலாம். 2022-ல் உக்ரைனுக்கு ஆயுதம் தரும் முடிவில் ஆஸ்திரியா, அயர்லாந்து, மால்டா இப்படித்தான் ஒதுங்கின. 2023 டிசம்பரில் இன்னும் வேடிக்கை: உக்ரைனுடன் உறுப்பினர் பேச்சு தொடங்கும் முடிவு வந்தபோது ஹங்கேரியின் விக்டர் ஓர்பான் அறையை விட்டு வெளியே போனார். மீதி 26 பேர் முடிவெடுத்தார்கள்.

அப்போ வீட்டோவையே எடுத்துவிடலாமே? 55% நாடுகள், 65% மக்கள்தொகை என்ற பெரும்பான்மை விதி மற்ற துறைகளில் ஏற்கெனவே இருக்கிறது. வெளியுறவுக்கும் அதுபோல ஒன்றைக் கொண்டுவரலாம். ஆனால் அப்படி மாற்றவே 27 பேரின் சம்மதமும் தேவை!

சின்ன நாடுகளின் பயத்தையும் புறக்கணிக்க முடியாது. சுமார் 5.5 லட்சம் பேர் கொண்ட மால்டாவுக்கு, பெரிய நாடுகள் தன்னை ஒரு போர்க் கொள்கைக்குள் இழுத்துவிடாமல் தடுக்க இருக்கும் கடைசிப் பூட்டு இந்த வீட்டோ.

நம் பக்கம் பாருங்கள். சார்க் சாசனமும் ஒருமித்த முடிவைத்தான் கேட்கிறது. இருதரப்புச் சர்ச்சைகளைப் பேசவே கூடாது என்றும் சொல்கிறது. கடைசி உச்சி மாநாடு 2014-ல் காத்மாண்டுவில் நடந்தது. விதி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐரோப்பாவில் சண்டை போட்டாலும் அடுத்த வாரம் தூதர்கள் மறுபடி அதே மேஜைக்கு வருகிறார்கள். இங்கே அந்த மேஜையே காலியாகக் கிடக்கிறது.

அடுத்த முறை 'ஐரோப்பா புதிய தடை' என்று அலெர்ட் வந்தால் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: முன்மொழிந்த நாள், நிறைவேறிய நாள். இடைவெளி நீண்டிருந்தால், யார் தடுத்தார்கள், கடைசியில் என்ன வாங்கிக்கொண்டு வழிவிட்டார்கள் என்று தேடுங்கள். உண்மையான செய்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.